தோற்றம் 1950, ரூல் 2020: உடுமலையில் கட்டிய கிளாசிக் வண்டிக்கு புகைச் சான்று கிடைக்குமா?

1920-ல் ஜி.டி.நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில். உடுமலைப்பேட்டை இருப்பதும் அந்த ரூட்டில்தான். லேத், வெல்டிங், டிங்கரிங் எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் கொங்குப் பகுதியில் பழைய வில்லீஸ் ஜீப் மாதிரி ஒரு வண்டியைக் கட்டி எடுப்பது பெரிய விஷயமில்லை. அதைச் சட்டப்படி ரோட்டில் ஓட்டுவதுதான் பெரிய விஷயம்.

பலரும் பயப்படுவது புகை டெஸ்ட்டுக்கு. ஆனால் அங்கே வண்டியின் அழகுக்கு மார்க் கிடையாது. ஆர்சி-யில் உள்ள தயாரிப்புத் தேதியும் எரிபொருளும்தான் வரம்பைத் தீர்மானிக்கும். பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை ஓகே. பிஎஸ்-4 முதல் அது 0.3 சதவீதம், 200 பிபிஎம். கார்புரேட்டரை ஒழுங்காக ட்யூன் செய்தால் முதலாவதில் பாஸ் ஆகிவிடலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி இரண்டாவதில் தேறுவது ரொம்பக் கஷ்டம்.

உண்மையான சிக்கல் ஆர்சி-யில் இருக்கிறது. ஹரியானாவின் டப்வாலி போன்ற ஊர்களில் மாடிஃபைட் ஜீப் கட்டுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அப்படி வரும் வண்டியில் ஆர்சி பெட்ரோல் என்று சொல்லும், பானட்டைத் திறந்தால் டீசல் இன்ஜின் இருக்கும் என்றால், எந்த வரம்பில் டெஸ்ட் செய்வது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை.

சரி, புதிதாகவே கட்டினால்? அப்போது அது இன்றைய வண்டி. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 கட்டாயம், அங்கீகார மையத்தில் மாதிரிச் சோதனையும் உண்டு. ஒரே ஒரு வண்டிக்கு இது கட்டுப்படியாகாது.

2021-ல் வந்த விண்டேஜ் விதியும் கைகொடுக்காது. வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அதிலும் தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 500 கஸ்டம் வண்டிகள் வரை, எந்த ஆண்டு மாடல் போலத் தெரிகிறதோ அந்த ஆண்டின் புகை விதியே போதும். எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் காற்றுக்கும் பெரிய கேடில்லை. இங்கே இப்படி ஒரு ஒதுக்கீடு தருவதில் தப்பேதும் இல்லை.

அதுவரை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்சி-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால், ஆர்டிஓ அனுமதி ஆர்சி-யில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாங்க" என்று பதில் வந்தால், அந்த வண்டி வேண்டாம்.