1712-ஐ மறைப்பது ஏன்?

"மென்னோனைட் சபையாரைக் கொன்றவர்கள் சீர்திருத்தக்காரர்களே, அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கில்லை" என்ற வாதம் நம்மவரிடையே அவ்வப்போது தலைகாட்டுகிறது. இது பாதி உண்மை. 1527 சனவரியில் பெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது ஸ்விங்கிலியின் சூரிக் நகர மன்றமே. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில், முன்னாள் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி மிக்கேல் சாட்லரின் நாவை அறுத்து, ரோட்டன்பர்க்கில் எரித்தது கத்தோலிக்க ஆஸ்திரிய ஆட்சி. சில நாட்களில் அவர்தம் மனைவியையும் நீரில் மூழ்கடித்தனர். மென்னோ சைமன்சும் 1536 வரை நம் குருவானவரே.

அல்சாஸ் எல்லைப்புறத்தின் கதை இன்னும் கசப்பானது. முப்பதாண்டுப் போரில் பாழ்பட்ட அந்நாட்டிலே, சுவிட்சர்லாந்தின் பெர்ன் அரசு துரத்திய மறுமுழுக்காளர் பலர் வந்து குடியேறினர். 1660-இல் ஓனென்ஹைமில் கூடி, ஒல்லாந்து நாட்டில் 1632-இல் வகுக்கப்பட்ட டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையை ஏற்றனர். 1693-இல் யாக்கோப் அம்மானைப் பின்பற்றியோர் தனியே பிரிந்தனர். ஆமிஷ் மக்களின் தோற்றம் அதுவே. (பிரிவினை அவர்களையும் விட்டுவைக்கவில்லை!) வோஷ் மலைப் பள்ளத்தாக்குகளை உழுது பண்படுத்தினர். வாளெடுக்கவில்லை, நீதிமன்றத்திலும் சத்தியம் செய்ய மறுத்தனர்.

1712-இல் பதினான்காம் லூயி மன்னர், 'மகா கிறிஸ்தவ அரசர்' என்னும் பட்டம் தாங்கியவர், அவர்களை வெளியேற்ற ஆணையிட்டார். 1648-இன் வெஸ்ட்பாலியா உடன்படிக்கை கத்தோலிக்கர், லூத்தரன், கால்வினியர் ஆகிய மூவருக்கே இடமளித்திருந்தது. நான்காமவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பலர் லூத்தரன் பிரபுவின் மோம்பெலியாருக்குச் சென்றனர். நல்ல உழவரை இழக்க மனமில்லாத நிலக்கிழார் சிலர் ஆணையைத் தளர்த்தினர். நற்செய்தி செய்யாததைக் குத்தகைப் பணம் செய்தது!

"அது அக்கால வழக்கம்" என்பார் உளர். அக்காலத்திலேதான் அந்த எளிய உழவர்கள் வாளை மறுத்தார்கள். காலம் அவர்களுக்கு மட்டும் வேறாகவா ஓடிற்று?

குழந்தைத் திருமுழுக்கை மறுக்கும் அவர்களது போதனை தவறென்றே நான் கொள்கிறேன். இறையருள் நம் அறிவுக்கு முந்தியது. அதனை மறையுரையில் மறுப்பது வேறு, வீட்டை விட்டுத் துரத்துவது வேறு. விசுவாசத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்ததை, சிறுபான்மையினராகிய நாம் நமது உரிமை பறிபோகும்போது மட்டும் உரக்க எடுத்துக்காட்டுகிறோம்.

1998 முதல் 2003 வரை மென்னோனைட் உலகப் பேரவையும் திருச்சபையும் உரையாடி வெளியிட்ட அறிக்கையில், கத்தோலிக்கத் தரப்பு மனவருத்தத்தோடு மன்னிப்பு வேண்டியுள்ளது. உரோமை கேட்ட அந்த மன்னிப்பை, "நமக்குப் பங்கில்லை" என்போர் யாருக்காகக் கேட்டதாக எண்ணுகிறார்கள்?