நடக்கிறவர்களுக்கு ரோடு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிவாசலிலிருந்து மூணாறு வரை நெடுஞ்சாலை ஓரம் கிடக்கிற கிடப்பு தாங்கள் அறியாததல்ல. மண்மேட்டை அள்ளுங்கள், வளைவில் வண்டி நிறுத்துவதைத் தடுங்கள், நடக்க ஓரடி இடம் விடுங்கள் என்று போன வாரம் ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டு போனேன். பழனிக்கு நடந்து போகப் பழகுகிறேன் என்று சொன்னதும், மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அங்கிருந்தவர் கேட்டார்: “அம்மச்சி, இந்த வயசுல எதுக்கு நடக்கணும்? பழனிக்கு பஸ் இருக்குல்ல?” பக்கத்து மேசைக்காரருக்கு ஒரே சிரிப்பு.

பஸ் இருப்பது எனக்குத் தெரியாதா?

தைப்பூசத்துக்கு நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொன்னது வேலையில் இருந்தபோது. லீவு போட்டால் சம்பளம் போகும்; வருடா வருடம் தள்ளிப்போயிற்று. ஓய்வுபெற்ற பிறகுதான் இந்தக் கால் எனக்குச் சொந்தமானது.

மூணாற்றிலிருந்து மறையூர், சின்னார், உடுமலை வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மாலை போட்ட கையோடு கிளம்பிவிட எனக்கென்ன இருபது வயதா? மாதக்கணக்கில் பழக வேண்டும். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்குகிற வழி. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் முட்டியையே வாங்கிவிடும். செருப்பில்லாமல் தாரில் நடக்க உள்ளங்கால் காய்க்க வேண்டும். சின்னார் காட்டை இருட்டுமுன் தாண்டுகிற வேகம் வேண்டும். அதற்குத்தான் விடிந்ததும் இந்த நெடுஞ்சாலையில் நடந்து பழகுகிறோம். ஒரு பக்கம் மண்குவியல், மறுபக்கம் சுற்றுலா ஜீப். இரண்டாம் மைல் பக்கம் ஒரு வண்டி உரசிக்கொண்டு போனதில், கூட வந்த மதினி ஓடையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். மனு எழுதியதே அதற்குப் பிறகுதான்.

மலை ரோடு, இடமில்லை என்கிறார்கள். தேயிலைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களின் காருக்கு மட்டும் இடம் எங்கிருந்து முளைக்கிறது? யானை வரும் என்கிறார்கள். காட்டு யானை படையப்பா எந்தப் பக்கம் நிற்கிறான் என்று விடியுமுன் லயத்துக்கு லயம் சேதி வந்துவிடும். ஜீப்காரன் எந்த வளைவில் வருவான் என்று யார் சொல்வது?

திண்டுக்கல்–பழனி சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே நடைபாதை போட்டிருக்கிறார்கள். நாங்கள் கல் பதிக்கச் சொல்லவில்லை, மண்ணை அள்ளத்தான் சொல்கிறோம்.

கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய காலமெல்லாம் என் முட்டியைப் பற்றி எந்த ஆபீசும் கவலைப்பட்டதில்லை. 2015-இல் பெம்பிளை ஒருமை என்று தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் போராட உட்கார்ந்தபோது, எழுந்து போங்கள் என்று கெஞ்சாத அதிகாரி இல்லை. இப்போது எழுந்து நடக்கிறேன் என்றால் உட்காரச் சொல்கிறார்கள்!

தைப்பூசத்துக்கு முன் மண்ணை அள்ளட்டும். முடியாதென்றால் அதை எழுத்தில் தரட்டும். சிரித்து முடித்தவர்களிடம் மனுவுக்கு ரசீது வாங்காமல் நான் நகரவில்லை. தேதியும் முத்திரையும் அதில் தெளிவாகவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
பள்ளிவாசல்.