பத்து சென்ட் துணிச்சல்

ரிஸ்க் எடுக்காம விவசாயம் பண்ண முடியாதுங்க. மழை வரும்னு நம்பி விதைக்கிறதே ரிஸ்க்தான். அதனால "ரிஸ்க் எடுக்காதீங்க"ன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எவ்வளவு எடுக்கலாம்னு கணக்குப் போடாம இறங்குறதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2023 ஜூலை மாசத் தக்காளி ஞாபகம் இருக்கா? கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில அரசாங்கமே 60 ரூபாய்க்கு வித்தது. உங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கும். கிராமத்துல பல பேருக்குக் கை அரிச்சது. ஆனா நாத்து நட்டு முதல் பறிப்பு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். இன்னிக்கு விலையைப் பார்த்து நடுறோம், விக்கிறது அன்னிக்கு விலைக்கு. அதுக்குள்ள நம்மளைப் போலவே ஊரே நட்டிருக்கும். அந்த வருஷம் செப்டம்பர்லயே விலை விழுந்துடுச்சு. பறிப்புக் கூலி கூடக் கட்டாத நிலைமை.

ஈமு கோழி இன்னொரு பாடம். பெருந்துறைப் பக்கம் ஆரம்பிச்ச இந்த மோகம் 2012-ல கவிழ்ந்தப்போ, போட்ட பணமும் போச்சு, பறவைகளும் தீனியில்லாம கிடந்துச்சு. குஞ்சு வித்தவங்களைத் தவிர அதை வாங்க சந்தையில வேற ஆளே இல்லை. ஆடு, மாடு வாங்கினா எந்தச் சந்தைக்கும் ஓட்டிட்டுப் போகலாம். ஈமுவை எங்க ஓட்டுறது?

பதறாத காரியம் சிதறாதுன்னு பெரியவங்க சும்மா சொல்லலை. புதுசா எதுல இறங்கினாலும் மூணு கேள்வி கேட்டுக்கணும். நமக்கு வித்தவரைத் தவிர இதை வேற யார் வாங்குவாங்க? நம்ம விளைச்சல் வர்றப்போ இன்னும் எத்தனை பேர் விளைச்சல் வரும்? மொத்தமும் போனா அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் காசு மிஞ்சுமா? மூணாவதுக்குப் பதில் "மிஞ்சாது"ன்னா, முதல் ரெண்டுக்கும் எவ்வளவு நல்ல பதில் இருந்தாலும் அந்த அளவுல இறங்கக் கூடாது. அளவைக் குறைக்கணும்.

அதுக்காகப் பயந்துட்டு உட்காரவும் வேண்டாம். இருபது வருஷமா ஒரே பயிரை வச்சுட்டு, விலை இல்லைன்னு புலம்புறதும் நட்டம்தான். ஒரு ஏக்கர்ல பத்து சென்ட் மட்டும் புதுப் பயிருக்கு ஒதுக்குங்க. என்ன நோய் வருது, எத்தனை ஆள் கூலி, யார் வாங்குறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. போனாலும் பத்துல ஒரு பங்குதான் போகும். நின்னா அடுத்த வருஷம் முப்பது சென்ட்டுக்குத் தைரியமா போகலாம்.

இதை முக்கியமா டவுன்ல இருக்கிற உங்களுக்குத்தான் எழுதுறேன். ரெண்டு வீடியோ பார்த்துட்டு, வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து அஞ்சு ஏக்கர் வாங்கத் துடிக்கிறவங்க நிறைய. வாங்க, சந்தோஷம்தான். ஆனா வேலையில இருந்துக்கிட்டே முதல்ல அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, ஒரு போகம் வெள்ளாமை பண்ணிப் பாருங்க. நிலம் பிடிச்சிருந்தா பட்டா, வில்லங்கம், வண்டித்தடம் மூணையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "இன்னிக்கே கொடுத்தாத்தான்"னு புரோக்கர் அவசரப்படுத்தினா, அன்னிக்குக் கண்டிப்பா கொடுக்காதீங்க.

ஐப்பசியில எல்லாத் தோட்டமும் பச்சையாத்தான் இருக்கும். சித்திரையில போய் கிணத்தை எட்டிப் பாருங்க. அப்பவும் தண்ணி தெரிஞ்சா, விலை பேசுங்க.