சுவர் மேல் பழி போடாதீர்கள்

காரைக்காலில் பழைய வீட்டை இடிக்க நினைப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “சுவர் பொரிஞ்சு கொட்டுதுங்க.” கொத்தனார் மகனான நான் கேட்பதும் ஒன்றுதான்: “சிமெண்ட் பூசினீங்களா?” பெரும்பாலும் பூசியிருப்பார்கள்.

1739-இல் இங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தது. அந்தக் காலத்து வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்தவை. கனத்த சுவர், தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய தளம், காற்றுக்கு முற்றம். என் அப்பா சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைப்பார். கடலோர மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை உதிர்க்கிறது. ஆக, சுவருக்கு வந்த நோய் நாம் கொடுத்த மருந்துதான்.

புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீடுகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதே யூனியன் பிரதேசத்தில் இருக்கும் காரைக்காலுக்கும் அந்த அக்கறை வேண்டும். பழைய வீடுகளைப் பழுதுபார்க்க அரசு மானியம் தரட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார்களைக் கொண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். இடிக்க அனுமதி கேட்டு வரும் வீட்டை, விவரம் தெரிந்த ஒருவர் முதலில் நேரில் பார்க்கட்டும். வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது: அடுத்த பூச்சுக்குச் சிமெண்ட் மூட்டை வாங்காதீர்கள்.