அகில் மரமும் அவசர ஆசையும்

அகில் மரத்தை நட்டால் சில ஆண்டுகளிற் பெருஞ்செல்வம் சேரும் என்று கூறிக் கன்றுகளை விற்கும் வியாபாரம், அஸ்ஸாமைக் கடந்து தென்னிந்தியாவின் மழைப் பிரதேசங்களிலும் பரவியிருக்கிறது. அகிலின் விலை பெரிது என்பது மெய்யே. ஆனால் அவ்விலை மரத்திற்கன்று. மரத்தினுள் உண்டாகும் பிசினுக்கே. இவ்வேற்றுமையை அறியாது நிலத்தையும் முதலையும் முடக்குவது விவேகமாகாது.

வாசனைக்குரிய அகில், சாஸ்திர நூல்களில் அக்விலேரியா மலாக்கென்சிஸ் எனப்படுவது. இந்தியாவில் வடகிழக்குப் பகுதியே இதற்குத் தாயகம். அஸ்ஸாமில் முற்காலத்தில் இதன் பட்டையைப் பதப்படுத்தி அதன்மேல் நூல்கள் எழுதினர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என வழங்குவது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரம். பெயரொற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

நோயற்ற அகிலின் கட்டை வெளுத்து, இலேசாய், மணமின்றி இருக்கும். ஒருவகை அந்துப்பூச்சியின் புழு தண்டைத் துளைக்க, அவ்வழியே பூஞ்சணங்கள் உட்புகும். அப்போது மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கரிய பிசினை உண்டாக்குகிறது. பிசின் மிகுதியாக ஊறிய கட்டை நீரில் அமிழும். தரங்குறைந்த சிராய்களை நீரில் நெடுநாள் ஊறவைத்து, வாலையிலிட்டு வடித்துத் தைலம் எடுக்கின்றனர். அஸ்ஸாமில் ஹோஜாய் இவ்வியாபாரத்திற்குப் பேர்பெற்ற ஊர். அரபு நாட்டார் இத்தைலத்தை ஊத் என்று போற்றி வாங்குகின்றனர்.

ஏனைய பயிர்களில் நோய் கண்டால் மகசூல் போகும். இம்மரத்திலோ நோயே மகசூல். நோய் காணாத மரம் வெறும் விறகு. காட்டில் எம்மரத்தில் பிசின் உண்டென்று வெளியிலிருந்து அறிவது அரிதாகையால், இருந்ததையும் இல்லாததையும் சேர்த்தே வெட்டி வீழ்த்தினர். அதன் பயனாக 1995-ஆம் ஆண்டில் இவ்வினமும், 2005-ஆம் ஆண்டில் அக்விலேரியா இனங்கள் யாவும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. 2018-ஆம் ஆண்டில் இம்மரம் அழிவின் விளிம்பிலுள்ளதென வகைப்படுத்தப்பட்டது. ஆகவே தோட்டங்களில் வளர்த்தாலன்றி இதற்கு வாழ்வில்லை என்பாரது வாதம் தள்ளத்தக்கதன்று. அஸ்ஸாம் சர்க்கார் 2020-ஆம் ஆண்டிலும், திரிபுரா சர்க்கார் 2021-ஆம் ஆண்டிலும் இதன் பொருட்டுத் தனிக் கொள்கைகளை வகுத்தனர்.

எனினும் வளர்ப்பது வேறு. பிசின் காண்பது வேறு. ஆணியடித்தும், துளையிட்டுப் பூஞ்சண வித்தைச் செலுத்தியும் பிசினைத் தூண்டும் முறைகள் உள. ஜோர்ஹாட்டிலுள்ள மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைத்து வருகிறது. ஆயினும் மரத்திற்கு மரம் பலன் வேறுபடுகிறது. துளையைச் சுற்றிக் கட்டை கறுத்த மாத்திரத்தில் அது உயர்ந்த அகிலாகிவிடாது.

இவ்விஷயத்தில் மேல் அஸ்ஸாம் குடியானவர்களின் வழக்கம் கவனிக்கத்தக்கது. ஜோர்ஹாட், கோலாகாட், சிவசாகர் ஜில்லாக்களில் வீட்டுக்கொல்லையில், பாக்கு மரங்களுக்கிடையே அகிலையும் வளர்க்கின்றனர். அன்றாடச் சோற்றுக்கு அதை நம்புவதில்லை. மரம் பலித்தால் மகளின் கலியாணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ உதவும்; பலியாவிடினும் அடுப்பு அணையாது. தலைமுறையாக அதனுடன் பழகியவர்களே இவ்வாறு நடந்துகொள்ள, புதிதாய்த் தொடங்குவோர் நன்செயை அழித்தும் கடன்பட்டும் ஏக்கர் கணக்கில் நடுவது எங்ஙனம் பொருந்தும்?

நட விரும்புவோர் வரப்போரத்திலோ தோட்டத்து மூலையிலோ சில மரங்களை வைத்துப் பார்ப்பதே தக்கது. கன்று எவ்வினம், பூஞ்சணம் செலுத்துவோர் யார், அச்செலவு எவருடையது, முதிர்ந்தபின் எவ்விதத்தில் விலை கணித்து வாங்குவர் என்பனவற்றை எழுத்து மூலம் பெறுதல் வேண்டும். திரும்ப வாங்குவோம் என்ற வாய்ச்சொல் பத்தாண்டு கழித்துச் செல்லாது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. நட்ட ஆண்டையும் மரத்தொகையையும் கணக்கிற் பதிந்து வைத்தால், அது காட்டு மரமன்று, சொந்த நிலத்து மரமே என்பதற்கு அத்தாட்சியாகும். அத்தாட்சியில்லாத மரம் எவ்வளவு மணந்தாலும் சந்தைக்குப் போய்ச் சேர்வது கடினம்.