பர்கர் மட்டும்தான் குற்றவாளியா?

படிவம் 4 மாணவர்களிடம் ஒரு நாள், "உடல் பருமனுக்குக் காரணம் என்ன?" என்று கேட்டேன். "துரித உணவு, சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒருவன் மட்டும் பின்வரிசையில் இருந்த பருமனான மாணவனைத் திரும்பிப் பார்த்து, "பர்கர்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்று நாள்களுக்கு உண்டது, குடித்தது அனைத்தையும் எழுதி வரச் சொன்னேன். தலைகுனிந்த மாணவனின் தாளில் பர்கரே இல்லை. காலையில் நாசி லெமாக், ஓய்வு நேரத்தில் சிரப், டியூஷனுக்குப் போகுமுன் ஒரு டின் பானம், இரவு 11 மணிக்கு அப்பாவுடன் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக்.

அப்படியானால் துரித உணவின் மீது குற்றமே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வு மையத்திலேயே தங்க வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் எடை சராசரியாக 0.9 கிலோ கூடியது. அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். அதிகம் மெல்லத் தேவையில்லாத உணவு அதற்குள் உள்ளே போய்விடுகிறது என்பது ஒரு விளக்கம்.

இந்த வேலையைச் செய்யப் பர்கர் கடைதான் வேண்டும் என்பதில்லை. இனிப்புப் பானத்தை மெல்லவே வேண்டாமே! 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று டின்னில் போட்டிருந்தால், 320 மில்லிலிட்டரில் 32 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். அதைக் குடித்ததற்காகச் சோற்றைக் குறைத்துக்கொள்பவரை நான் பார்த்ததில்லை.

100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையில் நம் அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. நல்ல முடிவுதான். ஆனால், கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்கை அந்த வரி தொடவில்லை. அதே ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டிருந்தனர். இத்தனை பேரும் பர்கருக்கு வரிசையில் நின்றவர்கள் என்று நான் நம்பவில்லை. மரபணு, தூக்கக் குறைவு, திடலுக்குப் போகாத மாலைப்பொழுது என்று மற்றக் காரணங்களும் உண்டு.

என் மூன்று நாள் கணக்கையும் வெண்பலகையில் எழுதினேன். தே தாரிக் மட்டும் ஒன்பது. "பர்கர்!" என்று கத்தியவன் தன் தாளில் இருந்த டின் பானங்களை எண்ணத் தொடங்கினான்.