காப்புச் செய்யுளின் கணக்கு

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்த ‘அம்பிகாபதி’ (1937) ‘ரோமியோ ஜூலியட்’டின் நகலே என்னும் வாதம், காதற் காட்சிகளில் ஷேக்ஸ்பியரின் சாயல் உண்டு என்பதோடு நின்றிருந்தால் மறுப்பதற்கில்லை. ரகுபதி வெங்கையா 1914இல் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கெயிட்டி கொட்டகையைக் கட்டிய நாள்முதல் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய சென்னை ரசிகருக்குக் கடன் எது, கைமுதல் எது என்று தெரியாமலா போயிருக்கும்? வெரோனாவில் காதலரைப் பலிகொள்வது குடும்பப் பகை; இங்கோ, அரசகுல மதிப்பு விதித்த தண்டனையை உறுதியாக்குவது ஒரு பாட்டுக் கணக்கு. சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல் பாடினால் உயிர் தப்பலாம் என்ற நிபந்தனையில், நூலின் முகப்பில் கடவுளை வேண்டிப் பாடுவதும் எண்ணிக்கையில் சேராததுமான காப்புச் செய்யுளையும் சேர்த்தெண்ணிய காதலி, இளவரசி அமராவதி, நூறும் முடிந்ததென்று முகம் காட்ட, கம்பர் மகன் அம்பிகாபதி தன்னை மறந்து அவளையே பாடிவிடுகிறான். இந்தப் பிழை தமிழ் நூல்மரபுக்குள் மட்டுமே நேரக்கூடியது.